ஜீப்பின் ஸ்டியரிங் உதறினால் எங்கே தேடுவது: முன்சில்லு நடுக்கத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலை - கந்தளாய் வீதியில் தம்பலகாமச் சந்தியைக் கடந்து போகும்போது ஒரு மதகு வரும். மதகும் தாரும் சேரும் இடத்தில் சின்னதாக ஒரு தாழ்வு. 65 கி.மீ. வேகத்தில் என் டிஃபென்டர் ஜீப்பின் இடது முன்சில்லு அதில் விழுந்து எழும்பியது. அடுத்த நொடியே ஸ்டியரிங் என் இரண்டு கைகளையும் உதறிவிட்டு இடமும் வலமும் அடிக்கத் தொடங்கியது. பொனட் குலுங்கியது. முன்பக்கம் முழுவதும் கழன்று ஓடப்போகிறது என்றுதான் நினைத்தேன். பின் இருக்கையில் இருந்த அம்மா கோணேசரைக் கூப்பிட்டார். வேகம் 30க்கு இறங்கும் வரை அது அடங்கவில்லை.

ஒரு கராஜில், ஸ்டியரிங்கின் உதறலை அடக்கும் டம்பர் போய்விட்டது என்றார்கள். புதிதாக ஒன்று போட்டேன். இரண்டு மாதம் வண்டி அமைதியாக ஓடியது. மூன்றாவது மாதம் குச்சவெளிக்குப் போகும் வழியில் அதே உதறல், முன்னைவிட மோசமாக. அதன் பிறகுதான் கிண்ணியாவில் ஒரு நானாவிடம் போனேன். அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. என்னை ஸ்டியரிங்கில் இருத்தி இடமும் வலமும் ஆட்டச் சொல்லிவிட்டு, வண்டிக்குக் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்துப் பார்த்தார். "தம்பி, டம்பர் நோயச் சுகமாக்காது, நோவ மறைக்கும். ஆட்டம் எங்க இரிக்குன்னு முதல்ல பாக்கணும்" என்றார். முன் அக்சிலை இடவலம் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ரொட்டின் றப்பர் புஷ் கிழிந்து, அதன் போல்ட் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. இரண்டு மாதம் புது டம்பர் மறைத்து வைத்தது அதைத்தான்.

அவர் காட்டிய ஒழுங்கையும், பிறகு நானும் கூட்டாளிகளும் எங்கள் வண்டிகளில் பார்த்துப் பார்த்துப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன். சாமான் வாங்குவதற்கு முன் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி இதைச் செய்யுங்கள். காசு மிச்சமாகும் என்பது இரண்டாவது விசயம். உங்கள் வண்டியில் உங்கள் பிள்ளைகள் ஏறுகிறார்கள்.

முதலில், இது அந்த நடுக்கம்தானா?

ஸ்டியரிங் நடுங்கினால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். ஆனால் நான்கு வகை இருக்கிறது.

வேகம் ஏற ஏற மெல்லத் தொடங்கி, 80, 90ல் கூடி, அதைத் தாண்டினால் குறைந்துவிடும் நடுக்கம் பெரும்பாலும் சில்லு பலன்ஸ் பிழை. பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் பிரேக் டிஸ்க்கையோ டிரம்மையோ பாருங்கள். பள்ளத்தில் விழுந்ததும் வண்டி ஒரு பக்கம் இழுத்துவிட்டு உடனே நேராகிவிட்டால், அது ஸ்டியரிங் கம்பியும் பான்ஹார்ட் ரொட்டும் ஒன்றுக்கொன்று சாய்வு ஒத்துப்போகாததால் வருவது; வண்டியை உயர்த்தியவர்களுக்கு அடிக்கடி வரும்.

நாம் தேடும் நான்காவது வகை வேறு மாதிரி. ஒரு பள்ளமோ, மதகு விளிம்போ, தார் ஒட்டுப் போட்ட இடமோ அதைத் தட்டி எழுப்பும். எழும்பியதும் தானாகவே பெருகும். பள்ளம் பின்னால் போன பிறகும் நிற்காது. வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் அடங்கும். பெரும்பாலும் 60க்கும் 80க்கும் இடையில் வரும்.

இது இரண்டு முன்சில்லுகளையும் ஒரே இரும்பு அக்சில் இணைக்கும் வண்டிகளின் நோய். பழைய டிஃபென்டர், மற்றப் பழைய லேண்ட் ரோவர்கள், ஜிம்னி, லேண்ட் குரூசர் 70 வகை, பழைய பட்ரோல், பழைய மிட்சுபிஷி ஜீப், ரேங்ளர் எல்லாம் இந்தச் சாதி. புதிய ஹைலக்ஸ், மொன்டேரோ போல ஒவ்வொரு முன்சில்லும் தனித்தனியாக ஏறி இறங்கும் வண்டிகளில் ஸ்டியரிங் நடுங்கலாம், ஆனால் இந்தப் பேயாட்டம் அரிது. அவற்றில் பால் ஜாயின்ட், கீழ்க்கை புஷ், பலன்ஸ் என்று தேடல் வேறு வழியில் போகும்.

ஏன் தானாகப் பெருகுகிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். ஒரு சைக்கிள் சில்லைக் கழற்றி, அச்சின் இரு முனையையும் பிடித்து, வேகமாகச் சுற்றவிட்டு ஒரு பக்கம் சாய்த்துப் பாருங்கள். அது சாய்த்தபடி சாயாமல், திரும்பப் பார்க்கும். ஜீப்பின் அக்சிலிலும் இதுதான் நடக்கிறது. இடது சில்லு மேட்டில் ஏறினால் அக்சில் முழுவதும் சாய்கிறது. சுழன்றுகொண்டிருக்கும் இரண்டு சில்லுகளும் ஒரே பக்கம் திரும்பப் பார்க்கின்றன. வீதி அவற்றை நேருக்குத் தள்ளுகிறது. நேருக்கு வந்தவை அங்கே நில்லாமல் மறுபக்கம் போகின்றன. அக்சில் மறுபடி சாய்கிறது.

மூட்டுகள் இறுக்கமாக இருந்தால் இந்த ஊசலாட்டம் ஒன்றிரண்டு தடவையில் செத்துவிடும். ஓரிடத்தில் 2 மி.மீ. ஆட்டம் இருந்தாலும், ஒவ்வொரு ஊசலிலும் சில்லு அந்த 2 மி.மீ. தூரம் தடையில்லாமல் ஓடி, வேகம் எடுத்து, மறுபக்கம் இடிக்கும். அந்த இடி அடுத்த ஊசலுக்குப் பலம் கொடுக்கும். ஆகவே நம் வேலை முழுவதும் அந்த ஆட்டத்தைத் தேடுவதுதான். பெரும்பாலும் ஒன்றல்ல, இரண்டு மூன்று இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கும். ஒன்றை மாற்றியதும் நின்று, பிறகு திரும்பி வருவது அதனால்தான்.

ஓடும்போது வந்துவிட்டால்

பெருவிரல்களை ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ளே விடாமல் வெளியே வைத்து உறுதியாகப் பிடியுங்கள். உள்ளே இருந்தால் குறுக்குக் கம்பி விரலை முறித்துவிடும். அக்சிலரேட்டரில் இருந்து காலை எடுங்கள். வண்டி நேராக இருக்கும்போதே, சீராகப் பிரேக் அழுத்தி வேகத்தை இறக்குங்கள். ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டி எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டாம். வேகத்தைக் கூட்டித் தாண்டிவிடலாம் என்று ஒருபோதும் நினைக்க வேண்டாம்.

ஓரம் நிறுத்தியதும் வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள். சில்லு நட்டுகள், சில்லுகளைத் திருப்பும் டை ரொட் கம்பியின் முனைகள், பான்ஹார்ட் ரொட் போல்ட்கள், ஸ்டியரிங் பொக்ஸ் சேசியில் பூட்டியிருக்கும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரே ஒரு நடுக்கத்திலேயே போல்ட் தளர்ந்துவிடும், முனைகள் தேய்ந்துவிடும். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தால் 40க்கு மேல் போகாமல் வீட்டுக்குப் போங்கள். ஏதாவது கழன்றிருந்தால் வண்டியை அங்கேயே விட்டு ஆள் கூப்பிடுங்கள்.

வேலைக்கு என்ன வேண்டும்

ஜக், இரண்டு நல்ல ஸ்டான்ட், பின்சில்லுக்கு அணைக்கட்டை, நீளமான இரும்புக் கம்பி ஒன்று, டோர்க் ஸ்பானர், அளவு நாடா, சோக், காற்று மீட்டர், டோர்ச், உதவிக்கு ஒருவர். இரண்டு சாமான்களை நம் ஊரில் தேடி அலைய வேண்டியதில்லை: மீன் பிடிக்கிற தங்கூசி நூல் கொஞ்சமும், மீன் நிறுக்கிற கொழுக்கித் தராசும். எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பல வளவுகள் மணல். மணலில் ஜக் வைத்து வண்டிக்குக் கீழே படுக்காதீர்கள். தடித்த பலகை போட்டாலும் ஸ்டான்ட் மெல்ல மெல்லப் புதையும். சீமெந்துத் தரை உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

படி 1: சில்லும் டயரும்

காசு செலவில்லாத இடத்தில் தொடங்குவோம். ரிம்மின் உட்பக்கத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். தம்பலகாமத்து வயல் சேறோ கடற்கரை ஈரமணலோ அங்கே அப்பிக் காய்ந்திருந்தால், கையளவு கட்டியே போதும். ஒரு கணக்குச் சொல்கிறேன்: 70 கி.மீ. வேகத்தில் ஜீப் சில்லு நொடிக்கு ஏறத்தாழ 8 தடவை சுற்றுகிறது. 16 அங்குல ரிம்மின் விளிம்பில் 50 கிராம் கூடுதலாக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அது கிட்டத்தட்ட 3 கிலோ பாரத்தோடு இழுக்கும். ஒட்டியிருக்கும் சேறு 50 கிராமோடு நிற்பதில்லை. முதலில் கழுவுங்கள். கழுவியதோடு நோய் தீர்ந்த வண்டியும் உண்டு.

பிறகு காற்று. மணலில் ஓட்டுவதற்காக இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்றும்போது இடமும் வலமும் ஒரே அளவா என்று மீட்டரில் பாருங்கள். கூடுதலாக ஏற்றுவதும் பிழை. கல்லுப் போல இருக்கும் டயர் ஒவ்வொரு அடியையும் அப்படியே அக்சிலுக்குக் கொடுக்கும். கதவு விளிம்பில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவில் இருந்து தொடங்குங்கள்.

சில்லைத் தூக்கிச் சுற்றவிட்டு, டயர் வட்டமாக ஓடுகிறதா, பக்கச்சுவரில் புடைப்பு இருக்கிறதா, ரிம் நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் முன்சில்லுகளைப் பின்னுக்கும் பின்சில்லுகளை முன்னுக்கும் மாற்றிப் பூட்டி ஓடுங்கள். நடுக்கத்தின் வேகமோ வலுவோ தெளிவாக மாறினால் டயரில் ஒரு பங்கு இருக்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். டயர் நடுக்கத்தைத் தட்டி எழுப்பும். அதை வளர்ப்பது தளர்ந்த மூட்டு. பலன்ஸ் செய்து நடுக்கம் நின்றாலும் மற்றப் படிகளை விட்டுவிடாதீர்கள்.

படி 2: நிலத்தில் நிற்கும்போது ஆட்டிப் பார்ப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிதான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள். வண்டி தன் சில்லுகளில், தன் பாரத்தோடு நிலத்தில் நிற்க வேண்டும். ஜக் அடித்துத் தூக்கினால் மூட்டுகளில் பாரம் மாறி, உண்மையான ஆட்டம் ஒளிந்துகொள்ளும். பின்சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள், கைப்பிரேக் போடுங்கள், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பவர் ஸ்டியரிங் என்றால் எஞ்சின் ஓட வேண்டும்.

உதவிக்கு வந்தவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கால் சுற்று அளவுக்குச் சற்று வேகமாக ஆட்டட்டும். நீங்கள் கீழே படுத்து, ஸ்டியரிங் பொக்ஸில் தொடங்கிச் சில்லு வரை ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பக்கம் நகரும் அதே கணத்தில் அந்தப் பக்கமும் நகர்கிறதா, அல்லது ஒரு கணம் தாமதமா? கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். மூட்டின் இரு பாகத்தையும் சேர்த்து விரலை வைத்தால் உள்ளே 'டக்' என்று தட்டுவது கேட்கும். விரல் நசுங்கும் இடங்களில் மட்டும் கவனம்.

அதிக நேரம் பார்க்க வேண்டியது பான்ஹார்ட் ரொட். அக்சிலை இடவலமாக நகரவிடாமல் சேசியோடு பிடித்து வைத்திருக்கும் குறுக்குக் கம்பி அது. சுருள் ஸ்பிரிங் வண்டிகளில் நான் கண்ட நடுக்கங்களில் பாதிக்கு மேல் இதில்தான் முடிந்தன. ஒரு முனை சேசியில், மறு முனை அக்சிலில். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். றப்பர் புஷ் நசுங்குவது இயல்பு. போல்ட் தன் ஓட்டைக்குள் நகர்வது இயல்பல்ல. போல்ட் தலையைச் சுற்றிச் செம்மண் போலத் துருத்தூள் படிந்திருந்தால், அங்கே இரும்போடு இரும்பு உரசுகிறது என்று அர்த்தம். ஓட்டை நீள்வட்டமாகிவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. லேத்தில் கொடுத்துச் சரியான அளவுக்கு வளையம் வெல்டிங் செய்து எடுக்க வேண்டும், அல்லது தாங்கியையே மாற்ற வேண்டும். கடற்கரை வண்டிகளில் தாங்கி சேசியோடு சேரும் வெல்டிங்கையும் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். பெயின்டுக்குக் கீழே வெடிப்பு இருக்கும்.

தகட்டு ஸ்பிரிங் உள்ள பழைய ஜீப்களில் பெரும்பாலும் பான்ஹார்ட் ரொட் இருக்காது. அவற்றில் அந்த வேலையைச் செய்வது ஸ்பிரிங்தான். ஸ்பிரிங் முனையைச் சேசியோடு இணைக்கும் ஷக்கிலின் புஷ், ஸ்பிரிங் கண், அக்சிலைக் கட்டும் யூ போல்ட், ஸ்பிரிங்கின் நடு போல்ட் என்று பாருங்கள்.

அடுத்தது டை ரொட் முனைகள். முனை கொஞ்சம் உருளலாம். மேலும் கீழும், முன்னும் பின்னும் தட்டக் கூடாது. றப்பர் உறை கிழிந்து மணல் போயிருந்தால், இன்றைக்கு ஆட்டம் இல்லாவிட்டாலும் அதை மாற்றும் பட்டியலில் சேருங்கள். நீளத்தைச் சரிசெய்யும் கிளம்ப் தளர்ந்திருந்தால் முனை புதிதாக இருந்தும் பயனில்லை.

ஸ்டியரிங் பொக்ஸ் சேசியில் நகர்கிறதா, அதைச் சுற்றிச் சேசியில் வெடிப்பு இருக்கிறதா, பொக்ஸிலிருந்து கீழே இறங்கும் கையின் பெரிய நட்டு இறுக்கமா என்றும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

படி 3: தூக்கிப் பார்ப்பது

இப்போது முன்பக்கத்தை ஸ்டான்டில் ஏற்றுங்கள். சில்லை மேலும் கீழும், அதாவது மணிக்கூட்டின் 12, 6 இடங்களில் பிடித்து உலுப்புங்கள். ஆட்டம் இருந்தால் இரண்டு சந்தேக நபர்கள்: சில்லு பெயாரிங், அல்லது சில்லு இடவலம் திரும்பும் அச்சான கிங் பின். யார் என்று பிடிக்கச் சுலபமான வழி உண்டு. உதவியாளரைப் பிரேக் அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி உலுப்புங்கள். ஆட்டம் மறைந்தால் சில்லு பெயாரிங். மறையாமல் இருந்தால் கிங் பின். இந்த ஒரு சோதனை தெரியாமல் பெயாரிங் மாற்றி ஏமாந்தவர்கள் பலர்.

பிறகு 3, 9 இடங்களில் பிடித்து உலுப்புங்கள். இங்கே மட்டும் ஆட்டம் இருந்தால் டை ரொட் முனை அல்லது ஸ்டியரிங் இணைப்பு.

படி 4: கிங் பின்னும் மீன் தராசும்

கிங் பின், ஸ்விவல் பின், நக்கிள் பெயாரிங் என்று வண்டிக்கு வண்டி பெயர் வேறு. சில்லு இடவலம் திரும்பும் அச்சு இதுதான். இந்த அச்சுக்கு ஒரு அளவு இறுக்கம் வேண்டும். தளர்ந்தால் கதவு காற்றில் அடிப்பது போல சில்லு அடிக்கும். அந்த இறுக்கம்தான் இந்த நோய்க்கு முதல் தடை. ஜிம்னி வைத்திருப்பவர்கள் பான்ஹார்ட் ரொட்டுக்கு அடுத்ததாக இங்கே வாருங்கள்.

நம் மாவட்டத்தில் இந்தப் பெயாரிங் சீக்கிரம் போவதற்குக் காரணம் இருக்கிறது. வள்ளம் இறக்கவும் ஏற்றவும் வண்டியைக் கடலுக்குள் பின்வாங்குகிறோம், களப்பு ஓரச் சேற்றில் இறக்குகிறோம். ஸ்விவல் சீல் வழியாக உப்புத்தண்ணீர் உள்ளே போகிறது. கிரீஸ் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது.

இன்னொரு தேய்வு உண்டு. நாம் ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி நேராகவே போகிறோம். உருளைகள் ஒரே இடத்தில் நின்று அடி வாங்கி, பெயாரிங் கிண்ணத்தில் சின்னச் சின்னக் குழி விழுகிறது. டை ரொட்டைக் கழற்றிவிட்டு, தூக்கிய சில்லைக் கையால் மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பது போலத் தோன்றினால் பெயாரிங்கை மாற்றுங்கள். இறுக்கி ஒப்பேற்ற முடியாது. நடுவில் சரியாக இருக்கும்படி இறுக்கினால் திரும்பும்போது பிடிக்கும்.

குழி இல்லாமல் தளர்வு மட்டும் இருந்தால் ஷிம் எனும் மெல்லிய இடைத்தகட்டால் சரிசெய்யலாம். டை ரொட் கழன்ற நிலையில், அது பூட்டும் ஓட்டையில் மீன் தராசின் கொழுக்கியை மாட்டி, ஸ்டியரிங் கைக்குச் செங்குத்தாகச் சீராக இழுங்கள். அசையத் தொடங்கும்போது காட்டும் உச்சக் கணக்கை விட்டுவிடுங்கள்; சீராகத் திரும்பும்போது காட்டுவதுதான் கணக்கு. எவ்வளவு இருக்க வேண்டும் என்பது உங்கள் வண்டியின் சேர்விஸ் புத்தகத்தில் இருக்கும். சீலைக் கழற்றி அளப்பதா, சீலோடு அளப்பதா என்பதையும் அங்கேயே பாருங்கள். சீலின் பிடிப்பே கணக்கைக் கூட்டிவிடும். குறைவாக இருந்தால் மேல்பக்கத்தில் மெல்லிய தகடு ஒன்றை எடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டி அளக்க வேண்டும். மேலும் கீழும் தகடு உள்ள வண்டிகளில் அக்சில் நடுவில் நிற்கும்படி இரு பக்கமும் பார்த்தே எடுக்க வேண்டும். தராசை வாங்கியவுடன் ஒரு கிலோ சீனிப் பையைத் தொங்கவிட்டுச் சரிபாருங்கள்.

படி 5: ஸ்பிரிங் உயர்த்தியவர்களுக்கு

சைக்கிளின் முன்சில்லைப் பிடிக்கும் கவர்க்கம்பி பின்னோக்கிச் சாய்ந்திருப்பது போல, கிங் பின் அச்சும் மேல்முனை பின்னுக்குச் சாய்ந்திருக்கும். காஸ்டர் என்பது இந்தச் சாய்வு. திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது இதனால்தான். டிஃபென்டரில் இது 3 பாகை.

வண்டியை உயர்த்தும்போது அக்சிலைப் பிடிக்கும் நீளக் கைகள் கீழ்நோக்கிச் சாய்ந்து, அக்சிலையும் சேர்த்து உருட்டுகின்றன. கை 85 செ.மீ. நீளம் என்றால், 5 செ.மீ. உயர்த்தியதும் அக்சில் 3 பாகைக்குக் கொஞ்சம் மேலேயே உருளும். இருந்த 3 பாகையும் போய்விட்டது! ஸ்பிரிங் விற்றவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். எனக்கும் யாரும் சொல்லவில்லை. என் வண்டியில் பான்ஹார்ட் ரொட்டோடு கூட்டுச் சேர்ந்திருந்தது இதுதான்.

அறிகுறி: வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, நேர் வீதியில் வண்டி அலையும். அலைன்மன்ட் மெசினில் காஸ்டர் அளவை எழுதி வாங்குங்கள். குறைந்திருந்தால் சாய்வைத் திருத்திய கைகள் அல்லது திருத்தப் புஷ் போட வேண்டும். தகட்டு ஸ்பிரிங் என்றால் அக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்புத் தகடு. ஒன்றை மறக்க வேண்டாம்: ஆட்டமுள்ள மூட்டுகளை வைத்துக்கொண்டு காஸ்டரைக் கூட்டினால் நடுக்கம் சில வண்டிகளில் கூடும். மூட்டுகள் முதலில்.

கைகளின் புஷ்களை இரும்புக் கம்பியால் நெம்பிப் பாருங்கள். றப்பர் இரும்பிலிருந்து பிரிந்திருந்தால் அக்சில் முன்னும் பின்னும் தள்ளாடும்.

படி 6: டோ அளவு, தங்கூசியில்

இரு முன்சில்லுகளும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றனவா, விலகி நிற்கின்றனவா என்பதே இது. வண்டியை நேராகச் சில மீற்றர் முன்னே உருட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு முன் டயரின் நடுவிலும், அச்சு உயரத்தில், முன்பக்கம் சோக்கால் கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு அளவெடுங்கள். பிறகு அந்தக் கோடுகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வரும் வரை வண்டியை உருட்டி மறுபடி அளவெடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே டோ. நடுவில் எஞ்சின் அடிப்பாகம் மறித்தால், பின்சில்லில் இருந்து முன்சில்லுக்கு அச்சு உயரத்தில் தங்கூசியை இழுத்துக் கட்டி, முன்சில்லின் இரு விளிம்பும் நூலிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பாருங்கள். தங்கூசி மெல்லியது, காற்றில் ஆடாது, இழுத்தால் கம்பி போல நிற்கும்.

பின்சில்லு மட்டும் ஓட்டும் வண்டிகளுக்குக் கொஞ்சம் உள்நோக்கி இருக்க வேண்டும். டிஃபென்டர் போல எப்போதும் நான்கு சில்லும் ஓட்டும் வண்டிக்கு மாறாக 0 முதல் 2 மி.மீ. வரை வெளிநோக்கி. எல்லா ஜீப்புக்கும் ஒரே அளவு வைக்கும் கடையில் இதைச் சொல்லியே கொடுங்கள்.

படி 7: ஸ்டியரிங் பொக்ஸ்

இதைக் கடைசிப் பக்கம் வைத்ததற்குக் காரணம், எல்லோரும் முதலில் கை வைப்பது இதன் திருகில்தான். மற்றதெல்லாம் இறுக்கமாக இருந்தும் ஸ்டியரிங்கில் வெற்றாட்டம் இருந்தால் மட்டும், சில்லு நேராக நிற்கும் நிலையில், கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகிப் பாருங்கள். முழுக்க இடமும் வலமும் திருப்பும்போது எங்காவது பிடித்தால் உடனே பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அதிகம் இறுக்கினால் ஸ்டியரிங் நேருக்குத் திரும்பாது. வளைவில் அது ஆபத்து.

பூட்டும்போது

பான்ஹார்ட் ரொட், நீளக் கைகள் இவற்றின் றப்பர் புஷ் போல்ட்களைக் கடைசியாக இறுக்குவது வண்டி நிலத்தில் தன் பாரத்தோடு நிற்கும்போதுதான். ஸ்டான்டில் தொங்கும்போது இறுக்கினால், இறக்கியதும் றப்பர் முறுக்கி, சில மாதத்தில் கிழியும். புது புஷ் போட்டும் ஏன் நிலைக்கவில்லை என்று கேட்பவர்களில் பலருக்கு இதுதான் பதில். டை ரொட் நட்டில் பிளவு ஊசி ஓட்டை ஒத்துவராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கி ஒத்துவரச் செய்யுங்கள். தளர்த்தி ஒத்துவரச் செய்யாதீர்கள். ஊசி எப்போதும் புதிது.

ஓட்டிப் பார்ப்பது

டம்பரைக் கழற்றி வையுங்கள், இன்னும் பூட்ட வேண்டாம். டம்பர் இல்லாமலே நடுங்காத வண்டிதான் சுகமான வண்டி. வெறிச்சென்ற நேர் வீதியில், பின்னால் வண்டி இல்லாத நேரத்தில், வேறு யாரையும் ஏற்றாமல், 40ல் தொடங்கி ஐந்து ஐந்தாகக் கூட்டிப் பாருங்கள். சின்ன மேடு பள்ளங்களில் ஸ்டியரிங் ஒரு தடவை அசைந்து நின்றால் சரி. இரண்டு மூன்று தடவை ஊசலாடினால் அங்கேயே நிறுத்தி, படி 2க்குத் திரும்புங்கள். எல்லாம் நன்றாக இருந்தால் டம்பரைப் பூட்டுங்கள். எண்ணெய் கசிந்தாலோ, கையால் இழுத்துத் தள்ளும்போது நடுவில் வெற்றிடம் தெரிந்தாலோ அதையும் புதிதாகப் போடலாம்; அதற்கும் வேலை இருக்கிறது.

என் வண்டிக்குப் பான்ஹார்ட் புஷ், வெல்டிங் செய்த தாங்கி, சாய்வு திருத்திய கைகள், வலது பக்க டை ரொட் முனை ஒன்று போட வேண்டியிருந்தது. பிறகு அதே மதகில் 65ல் தனியாகப் போனேன். சில்லு விழுந்தது, எழும்பியது, ஸ்டியரிங் கையில் ஒரு தட்டுத் தட்டி நின்றது. திரும்பி வந்து இன்னொரு தடவையும் போனேன்.

500 கி.மீ. ஓடியதும் பூட்டிய போல்ட்களை எல்லாம் டோர்க் ஸ்பானரால் திரும்பப் பாருங்கள். புது புஷ் அமர்ந்ததும் சில கொஞ்சம் தளரும். கடல்தண்ணீரில் இறங்கிய நாளில் வீட்டுக்கு வந்ததும் அக்சில், ஸ்விவல், ரிம்மின் உட்பக்கம் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரால் கழுவி, நிப்பிள் உள்ள இடங்களில் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை புதிதாக அடியுங்கள். உப்பு காய்வதற்கு முன் அன்றைக்கே.